வர்மப் புள்ளிகள்: வகுப்பில் எப்போது, எதுவரை?

கோவைக்கட்டை எழுதியது:

வணக்கம். கராத்தேயும் சிலம்பமும் சேர்த்து நடத்தும் வகுப்பு. பெரியவர்கள் பிரிவில் 18 முதல் 45 வயது வரை இருக்கிறார்கள். வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம். அடிப்படை எல்லாம் உறுதியாகிவிட்ட கூட்டம். இப்போது எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மாஸ்டர், வர்மப் புள்ளி எப்போ சொல்லித் தருவீங்க?"

ஆள் அசையாமல் நின்றால் மணிக்கட்டுப் புள்ளி, காதுக்குக் கீழே தாடைப் புள்ளி இரண்டும் நன்றாகவே பலிக்கின்றன. ஸ்பாரிங் (ஆளோடு ஆள் மோதிப் பழகுவது) தொடங்கியதும் ஒன்றுகூடக் கைகொடுப்பதில்லை. குறை பழக்கத்திலா, புள்ளியிலேயா? எவ்வளவு அழுத்தச் சொல்வது என்பதற்கு ஏதாவது அளவு உண்டா? எந்த இடங்களை வகுப்புக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது? 8 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு இதில் எதையாவது சொல்லலாமா?

அடிமுறை (தென் தமிழகத்தின் வெறுங்கைச் சண்டைக் கலை) தெரிந்தவர்கள், ஜூடோ பக்கம் இருப்பவர்கள், மருத்துவம் தெரிந்தவர்கள் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

குமரிச்சுவடு எழுதியது:

வணக்கம் மாஸ்டர். அடிமுறையில் இதற்கென்று இருக்கும் வரிசையைச் சொல்கிறேன். உங்கள் வகுப்புக்கு எது ஒத்துவரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்னியாகுமரிப் பக்கத்துக் களரிகளில் ஒற்றைச்சுவட்டில் (தனி ஆளாகப் பழகும் அடிவைப்பு வரிசை) தொடங்கித் தடி, ஆயுதம், வெறுங்கைப் பிடி எல்லாம் தாண்டித்தான் வர்மத்துக்கு வருவார்கள். வந்தாலும் முதலில் கையில் கொடுப்பது அடி இல்லை, தடவலும் (எண்ணெய் போட்டு நீவுவது) அடங்கலும் (மயங்கியவனைத் தெளியவைக்கத் தூண்டும் இடங்கள்). வர்மம் கொண்டவனை எழுப்பும் இளக்குமுறை தெரியாதவனுக்கு இடத்தைக் காட்டுவதே தவறு என்பது ஆசான்மார் விடாமல் வைத்திருக்கும் கட்டுப்பாடு. பழைய ஆசான்களில் பெரும்பாலோர் எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் கட்டுப் போடும் வைத்தியர்களாகவும் இருந்ததால் இது இயல்பாக நடந்தது. வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளும் கூட்டத்துக்கு அந்தப் பாதி கிடைப்பதே இல்லை. எனக்கு வருத்தம் அங்கேதான்.

இடங்களைப் பற்றி. பரவலாகச் சொல்லும் கணக்கு 108: படுவர்மம் (அடி பட்டால் உயிருக்கே ஆபத்தானவை) 12, தொடுவர்மம் (அந்த அளவு ஆபத்தில்லாதவை) 96. ஏட்டுக்கு ஏடு பெயரும் எண்ணும் கொஞ்சம் மாறும், அதற்காகச் சண்டை போட வேண்டாம். உடற்பகுதி வாரியாகப் பிரிக்கும்போது தலை முதல் கழுத்து வரை 25, கழுத்து முதல் தொப்புள் வரை 45, தொப்புள் முதல் மூலம் (ஆசனவாய்ப் பகுதி) வரை 9, கையில் 14, காலில் 15. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாலே உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும். கை, கால் இரண்டும் சேர்ந்து 29 இடம். பொது வகுப்பு அந்த 29க்குள்ளேயே நிற்கட்டும். அதிலும் அடிக்க வேண்டாம், அழுத்தினால் போதும். தலை, கழுத்து, நெஞ்சு மூன்றும் பெயரளவில் தெரிந்திருக்கட்டும். எங்கே கை படக் கூடாது என்று தெரிவதற்காக மட்டும்.

அழுத்தத்துக்கு நாங்கள் சொல்லும் அளவு மாத்திரை. கால், அரை, முக்கால், முழு என்று நான்கு படி. ஒரே இடத்தில் கால் மாத்திரை வைத்தியம், முழு மாத்திரை காயம். பழக்கும்போது பலரும் செய்யும் பிழை, வலி தெரியவில்லை என்றதும் அழுத்தத்தைக் கூட்டுவது. வலி தெரியாததற்குக் காரணம் தொண்ணூறு சதவீதம் இடமும் கோணமும். விரலை அரை விரற்கடை (அரை விரல் அகலம்) நகர்த்திப் பாருங்கள், பிறகு கோணத்தை மாற்றிப் பாருங்கள், அதற்குப் பிறகும் தெரியாவிட்டால் அந்த ஆளிடம் அந்தப் புள்ளியை விட்டுவிடுங்கள்.

விரற்கடை என்றால் யாருடைய விரல்? தொடப்படுபவனுடைய விரல். ஆறடி உயரக்காரனுக்கு நான்கு விரற்கடை என்று உங்கள் விரலால் அளந்தால் இடம் தவறிவிடும். பழகுபவர்கள் துணையாளின் கையை எடுத்தே அளந்து மார்க்கர் பேனாவால் புள்ளி வைக்கட்டும். பத்து நிமிடம் வெறுமனே இடம் தேடுவதிலேயே போகட்டும், தவறில்லை.

தொடங்குவதற்கு நல்ல இடம் கவளி காலம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதை. பெரும்பாலானவர்கள் இரண்டு விரலுக்கும் நட்டநடுவே அழுத்துவார்கள், அங்கே சதைதான் நசுங்கும். ஆள்காட்டி விரலின் அடி எலும்பை நோக்கிச் சாய்த்து அழுத்தினால் உடனே முகம் மாறும். கர்ப்பிணிகளுக்கு அக்குபங்சர்காரர்களும் தவிர்க்கும் இடம் அது, வகுப்பில் பெண்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

---

மேட்_மதுரை எழுதியது:

ஜூடோ, மல்யுத்தம் பக்கத்திலிருந்து முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

ஸ்பாரிங்கில் பலிக்காததற்கு மூன்று காரணம். ஒன்று, ஆள் நகர்கிறார். இரண்டு விரல் அகலமுள்ள இலக்கை ஓடும் ஆளிடம் தேடிப் பிடிக்க முடியாது. இரண்டு, சண்டையின் வேகத்தில் வலி மந்தமாகிவிடும். போதையில் இருப்பவரிடம் இன்னும் மோசம். மூன்றாவதைத்தான் யாரும் பேசுவதில்லை: தாங்கல். நரம்போ எலும்பின் விளிம்போ நசுங்க வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம் ஏதாவது தாங்கிப் பிடிக்க வேண்டும். தாடைப் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். காது மடலுக்குக் கீழே, தாடை எலும்பின் பின்விளிம்புக்கும் கழுத்துத் தசைக்கும் நடுவே உள்ள பள்ளம். அங்கே விரல் வைத்து மூக்கை நோக்கி உள்ளே, மேலே தள்ள வேண்டும். மறுகை தலையின் மறுபக்கத்தைப் பிடித்திருக்காவிட்டால் தலை விலகிப் போய்விடும், வலியே வராது. உங்கள் வகுப்பில் அசையாமல் நின்றபோது பலித்தது ஏனென்றால் துணையாள் தன் கழுத்தாலேயே தாங்கல் கொடுத்திருப்பார்.

ஆக, புள்ளியைத் தனி உத்தியாகக் கற்றுத்தராதீர்கள். ஏற்கெனவே பிடி கிடைத்துவிட்ட நிலையில் அதைக் கொஞ்சம் சுலபமாக்குவதற்காக மட்டும் கற்றுத்தாருங்கள். எடுத்துக்காட்டாக, மணிக்கட்டைப் பிடித்த எதிராளியின் கையை விடுவிக்கும் பழக்கம். வழக்கமாக அவருடைய கட்டைவிரல் பக்கமாகத் திருகி இழுப்போம். அவர் பலசாலியாக இருந்தால் நகராது. அப்போது சும்மா இருக்கும் கையின் விரல் கணுவால், அவருடைய முழங்கை மடிப்பிலிருந்து மூன்று விரல் கீழே, கட்டைவிரல் பக்கத்துத் தசை மேட்டில் எலும்பை நோக்கி அழுத்தித் தேய்க்க வேண்டும். பிடி ஒரு நொடி தளரும். அந்த ஒரு நொடிக்குள் திருகல் முடிந்துவிட வேண்டும். இரண்டையும் தனித்தனியாகச் செய்தால் இரண்டும் தோற்கும்.

பழக்கும் விதம் இப்படி இருக்கட்டும். முதலில் துணையாள் பிடியைப் பாதி பலத்தில் வைத்துக்கொண்டு நிற்பார், புள்ளியைத் தேட நேரம் உண்டு. அடுத்து முழுப் பலத்தில் பிடித்துக்கொண்டு நடப்பார், இழுப்பார், தள்ளுவார். கடைசியாக, புள்ளியைத் தேட இரண்டு நொடிதான். கிடைக்காவிட்டால் அதை விட்டுவிட்டு வேறு உத்திக்குப் போய்விட வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். புள்ளி பலிக்காதபோது என்ன செய்வது என்று பழகாத ஆள், பலிக்காத இடத்திலேயே விரலை வைத்துக் குத்திக்கொண்டு அடி வாங்குவார்.

ஆளுக்கு ஆள் மாறும் என்பதற்கு அய்கிடோவின் யோன்கியோ நல்ல சான்று. முன்கையின் உட்பக்கம், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, நம் ஆள்காட்டி விரலின் அடிக்கணுவால் எலும்பின் மேல் அழுத்துவது. சிலர் கத்திக்கொண்டே மண்டியிடுவார்கள், சிலர் முகத்தைக்கூடச் சுளிக்க மாட்டார்கள். அய்கிடோ ஆசிரியர்களே அதை வலிக்காகப் பழக்காமல், முழங்கையை இறக்கி ஆளின் சமநிலையைக் குலைப்பதற்காகப் பழக்குகிறார்கள். வலித்தால் கூடுதல் லாபம், அவ்வளவுதான்.

நிஜமான மோதலில் பலிக்கும் புள்ளி இல்லையா என்றால், உண்டு. கெண்டைக்கால் உதையைப் பாருங்கள். முழங்காலின் வெளிப்பக்கம் சற்றுக் கீழே ஒரு எலும்பு முடிச்சு தட்டுப்படும். அதை ஒட்டிப் பாதத்தைத் தூக்கும் நரம்பு தோலுக்கு மிக அருகில் சுற்றி இறங்குகிறது. 2021 ஜனவரியில் அபுதாபியில் நடந்த யூஎஃப்சி 257 கலப்புச் சண்டைப் போட்டியில் டஸ்டின் போரியேயின் கெண்டைக்கால் உதைகளால் கானர் மெக்ரெகரின் கால் செயலிழந்துகொண்டே போனதையும், இரண்டாவது சுற்றில் ஆட்டம் முடிந்ததையும் உலகமே பார்த்தது. அங்கே யாரும் விரல் நுனியால் இடம் தேடவில்லை. முழங்காலுக்குக் கீழ் வெளிப்பக்கம் முழுவதும் இலக்கு, தாக்குவது தடி போன்ற கடினமான முன்காலெலும்பு. இலக்கு அகலமாக, ஆயுதம் கெட்டியாக இருந்தால்தான் ஓடும் ஆளிடம் புள்ளி பலிக்கும். விலாவுக்குக் கீழே வலப்பக்கம் ஈரலில் விழும் குத்தும் இதே வகை.

---

பிசியோ_திருச்சி எழுதியது:

மேட்_மதுரை சொன்ன கெண்டைக்கால் உதையைப் பற்றி உடனே ஒரு எச்சரிக்கை. அந்த நரம்பில் திரும்பத் திரும்ப அடி விழுந்தால் பாதம் தொங்கிவிடும். குதிகாலில் நிற்கச் சொன்னால் முன்பாதத்தைத் தூக்க முடியாது, பாதத்தின் மேற்பக்கம் மரத்துப்போயிருக்கும். பெரும்பாலும் சில நாட்களில், சில வாரங்களில் திரும்பிவிடும். ஆனால் அதுவரை எந்த ஸ்பாரிங்கும் கூடாது, மரமரப்பு மறுநாளும் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். வகுப்பில் அந்த எலும்பு முடிச்சை விரலால் தொட்டுக் காட்டுவதோடு நிறுத்துங்கள். உதை பேடில் (அடி தாங்கும் பயிற்சி மெத்தை) போகட்டும். கால் உதையை ஆளிடம்தான் பழக வேண்டுமென்றால் ஷின் கார்டு (முன்கால் கவசம்) போட்டுத் தொடையின் வெளிப்பக்கம், இடுப்பு எலும்புக்கும் முழங்காலுக்கும் நடுவில், மூன்றில் ஒரு பங்கு வேகத்தில். அங்கே தசை தடிமனாக இருக்கிறது.

அழுத்தத்துக்கு ஒரு எளிய வழி: சமையலறைத் தராசு. கட்டைவிரலைத் தராசில் வைத்து ஒரு கிலோ, இரண்டு கிலோ, நான்கு கிலோ என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துப் பழகட்டும். நான்கு கிலோ வரும்போது விரல்நகத்தின் அடி வெளுக்கும். உடல்வலிப் பரிசோதனையில் மருத்துவர்கள் பயன்படுத்திய அளவு அதுதான். வகுப்புக்கு அதுவே உச்சவரம்பு. மாத்திரையைக் கிலோவாக மாற்றும் கணக்கு இது இல்லை, அடிமுறைக்காரர்கள் மன்னிக்க வேண்டும். ஆனால் ஒரே மாதிரி அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும் கை இல்லாமல் எந்த முறையும் பயன்படாது.

இனி, வகுப்புக்குள் வரக் கூடாத இடங்கள்.

கழுத்தின் பக்கவாட்டு. குரல்வளை முடிச்சின் மேல்விளிம்பு மட்டத்தில் மூளைக்குப் போகும் பெரிய தமனி இரண்டாகப் பிரிகிறது. அந்தப் பிரிவில் ரத்த அழுத்தத்தை உணரும் பகுதி இருக்கிறது. அங்கே வெட்டுக் கை விழுந்தால் அழுத்தம் ஏறிவிட்டதாக நினைத்து உடம்பு இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் சடாரென்று இறக்கிவிடும், ஆள் சரிந்துவிடுவார். காட்சிக்கு அற்புதமாக இருக்கும். தமனிச் சுவரின் உட்பூச்சு கிழிந்தால் பக்கவாதம், அது அப்போதே தெரியாமல் பிறகும் வரலாம். 40 வயதைத் தாண்டியவர்களுக்குத் தமனியில் கொழுப்புப் படிந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். உங்கள் பிரிவில் 45 வயதுவரை இருப்பதாகச் சொன்னீர்கள். "தட்டிக் காட்டுங்க மாஸ்டர்" என்று யார் கேட்டாலும் தட்டாதீர்கள்.

நெஞ்சின் நடு இடப்பக்கம். இதயத்துக்கு நேராக, துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நொடித்துளியில் விழும் அடி, பெரிய வேகம் இல்லாவிட்டாலும் இதயத்தின் தாளத்தைக் குலைத்துவிடும். விலா உடையாது, காயமும் இருக்காது. இது அதிகம் நடப்பது வளரும் வயதுப் பையன்களிடம், ஏனென்றால் அவர்களுடைய நெஞ்சுக்கூடு வளைந்துகொடுக்கும். பிள்ளைகள் பிரிவில் நெஞ்சுக் குத்தைத் தொடுதலோடு நிறுத்தச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கன்னப்பொட்டு, பிடரி, தொண்டைக்குழி, கண் ஆகியவற்றைப் பற்றி விளக்கவே வேண்டியதில்லை.

வர்ம ஏடுகளில் இந்த அடிக்கு இத்தனை நாழிகை, இத்தனை நாள் என்று கெடு சொல்லியிருப்பதைப் பலர் கட்டுக்கதை என்று ஒதுக்குகிறார்கள். ஒவ்வொரு கெடுவும் சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடி பட்ட அன்று நன்றாக நடந்தவர் நாட்கள் கழித்து விழுவது மருத்துவத்தில் நன்கு தெரிந்ததுதான். இடப்பக்கக் கீழ்விலாவில் அடி வாங்கிய மண்ணீரல் உறைக்குள்ளேயே கசிந்து பிறகு உடையலாம். தலையில் அடிபட்டவருக்கு மூளையுறைக்குக் கீழ் ரத்தம் மெதுவாகச் சேர்ந்து வாரங்கள் கழித்துத் தலைவலியாகவும் தடுமாற்றமாகவும் தெரியலாம். ஆகவே தலையிலோ விலாவிலோ பலமான அடி விழுந்தால் அன்றைய பயிற்சி அவருக்கு முடிந்தது. அடிபட்ட தேதியையும் இடத்தையும் நோட்டில் எழுதுங்கள், வீட்டாரிடமும் சொல்லி அனுப்புங்கள். இடத்தோள் வலி, வயிற்று வலி, வாந்தி, பார்வை இரட்டையாகத் தெரிவது, வழக்கமில்லாத தூக்கம் இவற்றில் எது வந்தாலும் நேராக மருத்துவமனை.

---

கோவைக்கட்டை எழுதியது:

மூவருக்கும் நன்றி. தராசு யோசனை இந்த வாரமே வருகிறது. இன்னும் இரண்டு சந்தேகம். ஒருவர் மயங்கிவிட்டால் அடங்கலா, முதலுதவியா? சிலம்பத்தில் கம்பு நுனியால் புள்ளி பார்த்துக் குத்தும் பழக்கத்தை என்ன செய்வது? பெரியவர்கள் விரும்பிக் கேட்பது அதுதான்.

---

பிசியோ_திருச்சி எழுதியது:

முதலில் கூப்பிட்டுப் பாருங்கள், மூச்சைப் பாருங்கள். மூச்சு சீராக இருந்தால் மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை ஒரு அடி உயர்த்தி, பெல்ட்டைத் தளர்த்துங்கள். வெறும் மயக்கம் என்றால் ஒரு நிமிடத்துக்குள் தெளிந்துவிடும். முழுவதும் தெளியும்வரை தண்ணீர் கொடுக்கக் கூடாது, தூக்கி உட்காரவைக்கக் கூடாது. தலையிலோ கழுத்திலோ அடிபட்டு விழுந்திருந்தால் கழுத்தை அசைக்காமல் அப்படியே விடுங்கள்.

மூச்சு இல்லை, அல்லது மீன் வாய் திறப்பது போல எப்போதாவது இழுக்கிறது என்றால் அது மயக்கம் இல்லை. ஒருவர் 108க்கு அழைக்க, இன்னொருவர் உடனே நெஞ்சின் நடுவே அழுத்தத் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுவதும் எழும்ப விட வேண்டும். பக்கத்தில் மின்னதிர்ச்சிக் கருவி இருந்தால் அதைக் கொண்டுவர மூன்றாவது ஆள் ஓட வேண்டும். நெஞ்சடியில் ஒவ்வொரு நிமிடமும் உயிர். அடங்கல் தேடி ஒரு நிமிடத்தைச் செலவழிக்கும் நிலை அங்கே கிடையாது.

---

குமரிச்சுவடு எழுதியது:

பிசியோ சொல்வதை முழு மனதோடு ஏற்கிறேன். அடங்கல் என்பது பல வருடம் கைபிடித்துப் பழகிய ஆசானின் வேலை. அதைத் தெரிந்தவர் இருந்தாலும் மூச்சு நின்றவனிடம் முதல் வேலை நெஞ்சழுத்தம்தான். மயக்கம் தெளிந்த பிறகு வரும் உடல் இறுக்கத்துக்கும் வலிக்கும் தடவல், எண்ணெய் எல்லாம் பார்க்கலாம். தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலும் முறைப்படி படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். வகுப்பில் அடிபட்டவர்களை யூடியூப் பார்த்துத் தடவ வேண்டாம்.

கம்பு விஷயம். நெற்றி உயரக் கம்பின் நுனி விரலைவிடப் பல மடங்கு வேகத்தில் வரும், அதில் மாத்திரை பார்க்க முடியாது. அதனால் ஆளிடம் நுனிக் குத்து வேண்டவே வேண்டாம். இலக்கைப் பழக வேறு வழி இருக்கிறது. தொங்கவிட்ட கயிற்றில் தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் உயரங்களில் நான்கு முடிச்சுப் போட்டு, சுவடு வைத்து உள்ளே வந்து ஒரு முடிச்சைத் தொட்டுவிட்டு வெளியே போகச் சொல்லுங்கள். எந்த முடிச்சு என்று நீங்கள் கடைசி நொடியில் கூவ வேண்டும். நின்ற இடத்தில் நின்று பத்து முறை தொடுபவன், சுவட்டோடு வரும்போது நாலைத் தொட்டாலே பெரிது. தவறுவது பெரும்பாலும் கையால் இல்லை, முன்கால் அரை அடி குறைவாக விழுவதால். அதைத் திருத்துங்கள். ஆளோடு ஆள் ஆடும்போது நுனியில் துணி சுற்றிச் சாயம் தொட்டு, மணிக்கட்டுக்கும் முழங்காலுக்குக் கீழும் மட்டும் தொடுமுறை. முகக்கவசம் கட்டாயம்.

அப்புறம் நோக்கு வர்மம், தொடாமல் விழவைப்பது என்று யாராவது கேட்டால், வெளி ஆள் ஒருவரை, முன்பின் பழகாதவரை நிறுத்திச் செய்து காட்டச் சொல்லுங்கள். சொந்த மாணவன் விழுவது ஆசானுக்குக் கொடுக்கும் மரியாதை, அதில் வர்மம் எதுவும் நிரூபணமாகாது.

---

மேட்_மதுரை எழுதியது:

பிள்ளைகள் பிரிவைப் பற்றி யாரும் நேரடியாகச் சொல்லவில்லை, அதனால் சேர்க்கிறேன். 8 முதல் 14 வரை புள்ளி அழுத்துவது எதுவும் வேண்டாம். அவர்கள் கற்றதைப் பள்ளி இடைவேளையில் செய்து பார்ப்பார்கள், அதைத் தடுக்க முடியாது. சொல்லித்தர வேண்டியது "இங்கே அடிக்கக் கூடாது" என்ற வரைபடம் மட்டும்: கழுத்து, பொட்டு, பிடரி, கண், நெஞ்சு நடு, முதுகெலும்பு. கூடவே தட்டினால் உடனே விடும் பழக்கம். இரண்டு தட்டு, அல்லது "விடு" என்ற சொல். கை மாட்டிக்கொண்டால் காலால் தரையில் தட்டலாம் என்பதையும் சொல்லுங்கள். பெரியவர்களுக்கே அது ஞாபகம் வருவதில்லை.

பெரியவர்கள் வகுப்பில் இதை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். ஒன்றரை மணி நேரத்தில் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் வைக்காதீர்கள். களைத்த கைக்கு அழுத்தத்தின் அளவு தெரியாது, களைத்த துணையாள் தாமதமாகத் தட்டுவார். உடம்பு சூடேறியதும், ஸ்பாரிங்குக்கு முன்னால், ஒரு நாளைக்கு ஒரே ஒரு புள்ளி, அது சேரும் ஒரே ஒரு பிடியோடு. ஒரு துணையாளிடம் ஐந்து முறைக்கு மேல் வேண்டாம், ஆளை மாற்றுங்கள். மணிக்கட்டும் முன்கையும் அன்றே வலிக்காது, மறுநாள் காலை பல் துலக்கும்போதுதான் தெரியும். அடுத்த வகுப்பில் முதல் வேலையாக யாருக்கு வலி மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள். வலி இருப்பவர் அன்று அந்தக் கையைக் கொடுக்க வேண்டாம்.